பக்கத்து இருக்கைக்கு ஒரு பிரேக்

மழை விட்ட மதியம் அது. விற்பவர் இரும்பு ஷட்டரை இரண்டு கைகளாலும் மேலே தள்ளினார். உள்ளேயிருந்து ரப்பரும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. அதற்கு அடியில், மிக லேசாக, முகப் பவுடர் வாசனை. அடர்நீல நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது கார்.

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். ஆனால் அவள் சொல்லிக்கொடுத்தது கணக்கும் இல்லை, இலக்கணமும் இல்லை, கார் ஓட்ட. டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவள். ஓட்டுவது யாரோ, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது இவள். அந்த வேலையிலும் மிச்சமிருந்த ஒரே ஆசை இதுதான். ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, வேகமான கார் ஒன்றை, யாருக்கும் பதில் சொல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

துணைக்கு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தாள். ஸ்கூல் கார்களைப் பழுது பார்ப்பவன். ஸ்பானர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"டர்போ வண்டியைச் சூடா இருக்கும்போது பாத்து ஏமாந்துடக் கூடாது டீச்சர். ஆறினதைக் கிளப்பிப் பாக்கணும்," என்றபடி பானட்டில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. குழாய் ஒன்றைக் கழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அடைத்து வேகம் கூட்டும் டர்போவின் சின்ன விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தான். தடதடவென்று ஆடவில்லை. மறுபடி மாட்டிவிட்டு, கிளப்பச் சொல்லி, பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எண்ணெய் கசிந்தால் நீலப் புகை வரும். வரவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். குழந்தை மாதிரி வச்சிருந்திருக்கார்."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஸ்பானர் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். விற்பவர் பின்கதவைத் திறந்தார்.

"முன்னாடி வாங்க சார்."

"பரவாயில்லைங்க. பின்னாடியே வர்றேன்."

நெடிய மனிதர். அந்தக் குறுகிய பின்னிருக்கையில் முழங்கால் தாடையில் முட்டும்படி மடங்கி உட்கார்ந்துகொண்டார்.

பெரிய சாலைக்கு வந்ததும் டீச்சர் அழுத்தி மிதித்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் போயிற்று. எங்கோ ஆழத்திலிருந்து டர்போவின் மெல்லிய விசில் எழுந்தது. அடுத்த கணம், முதுகில் கைவைத்து யாரோ தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கண்ணாடியில் விற்பவரைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த முன்னிருக்கையின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்னலில் நின்றபோது அவளும் அங்கே பார்த்தாள். தரைவிரிப்பு ஓரிடத்தில் மட்டும் நைந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"இது ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"என் மனைவி காலை ஊனிக்கிட்டே வருவா. வேகம்னா பயம்."

"இப்ப?"

"இப்ப இல்லைங்க."

பயம் இல்லை என்றாரா, மனைவி இல்லை என்றாரா என்று டீச்சருக்குப் புரியவில்லை. சிக்னல் மாறியதும் காரைக் கிளப்பினாள். விசில் இன்னும் காதிலேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் கார் அவளுடையதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்துவிட்டு, தன் வீட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் தேடுகிற ஆள். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, இதுல போறதுக்கு முன்னாடி உயில் எழுதணுமா?"

"வாயை மூடிக்கிட்டு வாங்க."

நீர்த்தேக்கத்தின் கரையோரம் சாலை நேராக ஓடியது. மிதித்தாள். விசில் எழுந்தது. கார் பாய்ந்தது.

"ஆ! என் காலை ஏன் மிதிக்கிறே?"

டீச்சர் சிரித்தாள். "என் கால் இங்க இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். இருவருக்கும் நடுவே கியர் மேடு சுவர் மாதிரி நின்றது. அவள் கால் அதைத் தாண்டி அங்கே போக வழியே இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை மிதி," என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி.

மிதித்தாள்.

அவர் கத்தவில்லை. இரண்டு கால்களையும் வெடுக்கென்று தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அப்படியேதான் இருந்தார். செருப்பைக் கழற்றிப் பார்த்தபோது பாதத்தின் மேல் வட்டமாக, ரத்தம் கட்டிய தடம் ஒன்று இருந்தது. பெண்கள் போடும் குதிகால் செருப்பின் அளவு.

மறுநாளே காரை ஸ்பானரின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவன் நைந்த விரிப்பைப் பிரித்தான். பிறகு காரை லிப்டில் ஏற்றி, அடியில் மூடியிருந்த தகட்டைக் கழற்றினான். முன்னிருக்கையின் காலடிக்கு நேர் கீழே வரும் தரையிரும்பை அண்ணாந்து தடவிப் பார்த்தான்.

"டீச்சர், கல்லு தட்டினா உள்பக்கம்தானே அமுங்கும்?"

"ஆமா."

"இது உள்ளேயிருந்து வெளியே புடைச்சிருக்கு. மனுஷக் காலு மிதிச்சு இரும்பு இப்படி வளையாது. வேணாம், திருப்பிக் கொடுத்துடுங்க."

விற்பவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வருவீங்கன்னு தெரியும்," என்றார்.

"என்ன நடந்துச்சு சார்? மறைக்காம சொல்லுங்க."

அவர் தன் கைகளையே பார்த்தபடி பேசினார். "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னுதான் எப்பவும் சொல்வா. நான் சிரிப்பேன். அவ பயப்படப் பயப்பட எனக்கு இன்னும் மிதிக்கத் தோணும். அது ஒரு விளையாட்டு மாதிரி. ஒரு நாள் மலைப்பாதையில இறங்கிக்கிட்டிருந்தோம். பாதி வழியில காலை ஊன்றதை விட்டுட்டா. மெதுவாப் போங்கன்னு சொல்லவும் இல்லை. கண்ணை மூடிச் சாஞ்சுக்கிட்டா. அப்பாடா, பயம் தெளிஞ்சிடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்."

உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம்தான் ரொம்ப வேகமா ஓட்டினேன். வீட்டு வாசல்ல நிறுத்தி, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். உடம்பு ஆறிப்போயிருந்துச்சு."

டீச்சர் கார் சாவியை அவர் முன் நீட்டினாள்.

"காரியமெல்லாம் முடிஞ்சு முதல் தடவை வண்டியை எடுத்தேன். மறுபடியும் ஊனினா. வண்டியை நான் திரும்ப வாங்கிக்க மாட்டேன் டீச்சர். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். அது மட்டும் முடியாது."

வீட்டில் கணவர் ஒரே பிடியாக நின்றார். "வித்துத் தொலைச்சிடு."

"யாருக்கு? இன்னொரு முரடன் பக்கத்துல அந்த அக்காவை உக்கார வைக்கவா?"

"அக்காவா? எப்போ உறவு கொண்டாடினீங்க ரெண்டு பேரும்?"

"ஏங்க, பக்கத்து சீட்ல உக்காந்து பயந்துக்கிட்டே வர்றது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்காவது காலுக்கடியில பிரேக் இருந்துச்சு. அவங்க வெறும் தரையைத்தானே மிதிச்சாங்க?"

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்கே தெளிந்தது.

கழித்துப்போட்ட ஸ்கூல் கார் ஒன்றிலிருந்து இரண்டாவது பிரேக்கைக் கழற்றி எடுத்தார்கள். ஸ்பானர் அதைப் பொருத்திய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருக்கையில் உட்காரவே மாட்டேன் என்று, கதவுக்கு வெளியே குப்புறப் படுத்து, கையை மட்டும் நீட்டி முடுக்கினான். வேலை முடிந்ததும் கூலி வாங்காமல் போய்விட்டான்.

முதல் நாள் டீச்சர் தனியாகவே ஓட்டினாள். விசில் எழுந்தது.

பக்கத்துப் பிரேக் தானாகக் கீழே இறங்கியது.

கார் மெதுவானது. பெடல் மேலே வந்தது. ஸ்கூலுக்கு வரும் வயதான பெண்கள் மிதிப்பது போலவே, கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் அதிகமாக. டீச்சரின் வாய் பழக்கத்தில் சொல்லிற்று: "சரி அக்கா. உங்க இஷ்டம்."

சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒரு காலையில் நெடுஞ்சாலைக்குப் போனாள். தனியாக விடமாட்டேன் என்று கணவரும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே வெகுதூரம் வரை யாரும் இல்லை. டீச்சர் வலப்பக்கம் எடுத்து மிதித்தாள். அவளைப் பின்தொடர்ந்து, அதே இடைவெளியில் முந்துவதற்கு, பின்னால் வந்த இன்னொரு லாரியும் வெளியே வந்தது. எதிரே மேட்டிலிருந்து பஸ் ஒன்று தலை காட்டியது. வேகம் பிடித்து முந்தினால் நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

விசில் எழுந்தது.

பக்கத்துப் பெடல் தரையோடு தரையாக இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

கார் குலுங்கியது. எஞ்சின் முன்னால் இழுத்தது. பிரேக் பின்னால் பிடித்தது. கருகிய வாடை உள்ளே பரவியது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் கண்ணாடிகளை அதிரவைத்தது. பக்கத்தில் கம்பி லாரியின் சக்கரங்கள் சுவர் போல் சுழன்றன.

"பஸ் வருது! பஸ் வருது!" கணவர் அலறினார்.

டீச்சருக்கும் அலற வேண்டும் போலிருந்தது. ஆனால் பயந்து உறைந்துபோன ஒருவரைக் கத்தித் திருத்த முடியாது என்பதை அவள் தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

"அக்கா," என்றாள், மிக மெதுவாக. "நல்லா மிதிச்சீங்க. தப்பில்லை. இப்ப காலை எடுங்க."

பெடல் அசையவில்லை.

"நான் அவர் இல்லை அக்கா. நான் சொன்னா சொன்னபடி செய்வேன். இதைத் தாண்டினதும் நிறுத்திடறேன். காலை எடுங்க."

பெடல் ஒரு விரற்கடை எழுந்தது.

பிறகு முழுதாக.

காற்றில் வீசிய கல் மாதிரி கார் பாய்ந்தது. கம்பி லாரியின் மூக்கை உரசாத குறையாக இடப்பக்கம் நுழைந்தது. பின்னால் வந்த லாரி வேகம் குறைத்து, பழைய இடத்துக்கே ஒதுங்கியது. பஸ் ஊளையிட்டுக்கொண்டு கடந்து போயிற்று. டீச்சர் சொன்னபடியே ஓரமாக நிறுத்தினாள். கணவர் இறங்கி வாந்தி எடுத்தார். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள்.

அன்றோடு பக்கத்துப் பிரேக் அசைவது நின்றுவிட்டது. பவுடர் வாசனையும் போய்விட்டது. வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. "போய்ச் சேந்துட்டாங்க, பாவம்," என்றார் கணவர். தைரியம் வந்து, ஒரு மதியம் முன்னிருக்கையிலேயே ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை ஒரே தடவைதான் இழுத்துப் பார்த்தார்.

நீர்த்தேக்கக் கரையில் வெயில் தகதகத்தது. மிதித்தாள். விசில், பாய்ச்சல். அவர் காலை யாரும் மிதிக்கவில்லை. "அட, நல்லாத்தான் இருக்கு!" என்றார் அவர்.

கரை முடிந்து வளைவு வந்தது. டீச்சர் காலை எடுக்கப் போனாள்.

வரவில்லை.

அவள் பாதத்தின் மேல் ஏதோ இருந்தது. சின்னதாக, வட்டமாக, சில்லென்று.

"ஏம்மா, வளைவு."

அது மெல்ல அழுந்தியது. அவள் காலோடு சேர்த்து ஆக்ஸிலரேட்டரும் கீழே போனது.

"அக்கா, போதும். காலை எடுங்க."

விசில் ஏறிக்கொண்டே போனது.

"பிரேக்!" என்று கணவரிடம் கத்தினாள் டீச்சர். "உங்க காலடியில! ஊனுங்க!" இடக்காலால் கிளட்சை அடிவரை மிதித்தாள். அவர் இரண்டு கால்களாலும் ஊன்றினார். எஞ்சின் வானத்துக்கும் பூமிக்குமாக ஓலமிட, டயர்கள் கிறீச்சிட, கார் சரிந்து சரிந்து, தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அவரும் மறுபக்கம் இறங்கினார். சாலையில் ஈ காக்கை இல்லை. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன ஆச்சு? ஏன் அப்படி மிதிச்சே?" என்றார் அவர்.

சாவி அவள் கையில் இருந்தது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுபவர் இருக்கையின் மெத்தை, யாரோ உட்கார்ந்ததுபோல் லேசாக அமுங்கியது.

ஆக்ஸிலரேட்டர் பெடல் மெல்லக் கீழே இறங்கியது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது. முதல் நாள் ஓட்டப் பழக வந்தவர்களைப் போல, அவசரமே இல்லாமல், அளவு பார்த்து.