இருமுறை சொன்ன கட்டளை

பட்டாளத்தில் அவரை ‘எதிரொலி’ என்று அழைத்தனர். ஓய்வு பெற்ற பின்னும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. எவர் எதைச் சொன்னாலும், சொல் பிசகாமல் உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டே எழுந்திருப்பார். பட்டாளத்தில் அவர் வயர்லெஸ்காரர்; வயர்லெஸ்காரருக்கு அதுவே விதி: வந்த கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பின்னரே செயல். “ஒரு பாக்கெட் உப்பு கேட்டா, தெருவுக்கே அறிவிச்சுட்டுத்தான் செருப்பு மாட்டுவாரு” என்று மனைவி கேலி பேசுவாள்.

அன்று முற்பகல், விசாரணை ஆணையத்தின் அழைப்பாணையோடு அவர் அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அதன் சாமான் அறையில் பத்தொன்பது பேரைப் பூட்டித் தீயிட்டது அவருடைய படைப்பிரிவு. இப்போது சுவர்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். வராந்தாவில் சுண்ணாம்பும் மழை ஈரமும் மணந்தன.

அந்தப் படைப்பிரிவின் பழைய வண்டியோட்டி, தொந்தி சரிய, பெஞ்சில் காத்திருந்தான்.

“வாங்கண்ணே. வக்கீல் எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சுட்டுக் கையெழுத்தைப் போடுங்க. மேலேருந்து உத்தரவு, கீழே நாம என்ன பண்ண முடியும்? கேப்டனும் செத்துட்டாரு. எழுந்துவந்து இல்லைன்னா சொல்லப்போறாரு?”

“உண்மை அதுதானா?”

“உண்மையைச் சொன்னா முதல்ல நீங்கதான் கம்பி எண்ணணும். இந்த வயசுல ஜெயில் சோறு செரிக்காதுண்ணே.”

உள்ளே ஆணையத்தின் எழுத்தரான நடுவயதுப் பெண் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார். எதிரொலியின் முதுகுக்குப் பின்னால் சாமான் அறையின் கதவு சாத்தியிருந்தது.

“சத்தமாப் படிங்க சார். பதிவாகுது.”

“கேப்டன் வயர்லெஸில் கட்டளையிட்டார். நாங்கள் கீழ்ப்படிந்தோம்.”

கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

எழுத்தர் தலை நிமிரவில்லை.

“மறுக்கும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கவில்லை.”

துணி எரியும் நாற்றம் மெல்ல வந்தது.

பின்பு ஒரு குரல்.

“ஒருத்தரையும் வெளியே விடாதே. கதவைப் பூட்டித் தீ வை.”

அது கேப்டனின் குரல் அல்ல.

எதிரொலியின் சொந்தக் குரல்.

தீயிட்ட அன்று கேப்டன் பேசியது இவர் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் மட்டுமே. எதிரே நின்ற சிப்பாய்களும், கதவுக்கு அப்பால் மூச்சை அடக்கி நின்றவர்களும் கேட்டது இவர் வாய்ச்சொல்லைத்தான். அது கொலை என்பது சொல்லும்போதே தெரிந்திருந்தது. ‘சரியாக் கேக்கலை’ என்றொரு பொய் போதும். ‘மாட்டேன்’ என்றோர் உண்மை போதும். “உள்ளே சின்னப் பசங்க இருக்காங்கண்ணே” என்று வண்டியோட்டிகூடத் தயங்கி நின்றான்.

அப்போது இவர் அதே கட்டளையை மீண்டும் சொன்னார், முன்னிலும் உரக்க.

இரண்டாம் முறை கேப்டன் சொல்லவில்லை.

இப்போது கதவுக்குப் பின்னால் பல குரல்கள். ஒரு பெண். ஒரு கிழவர். அப்போதுதான் பேசப் பழகிய ஒரு மழலை. எல்லாரும் அவருடைய சொற்களையே, ஒன்றும் பிசகாமல், திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தனர்.

“உள்ளே யாரும்மா?”

“எந்த உள்ளே சார்? அந்த அறையைப் போன வருஷமே இடிச்சுட்டாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி.”

குரல்கள் ஓயவில்லை. எழுத்தர் திடீரென மூக்கைச் சுளித்தார்.

“எங்கேயோ துணி கருகுது, இல்ல?”

எதிரொலி தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போடலைம்மா. கேப்டன் ஒரு தடவைதான் சொன்னாரு. தப்புன்னு தெரிஞ்சே நான் ரெண்டு தடவை சொன்னேன். அதை எழுதிக்குங்க.”