பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல நாப்பத்தொண்ணு

சயோ மொச்சிசுகி ஓடென் கடைக்குள்ள வந்தப்போ மணி பதினொண்ணு. கையில ஒரு மன்னிப்புக் கடிதம். அது அவ எழுதினது இல்ல. மூணு மணிக்கு அவ எழுந்து நின்னு வாசிக்கணும்னு இன்னொருத்தர் எழுதிக் கொடுத்தது.

மூலை இருக்கையில ஃபுசாயே கட்சுமட்டா கறுப்பு ரசத்துல ஊறின மீன் வடையைக் குச்சியோட கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இன்சூரன்ஸ் கம்பெனியில முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. 'எல்லாம் எரிஞ்சு போச்சு'ன்னு அழுதுக்கிட்டு வர்றவங்கள்ல எவன் தானே நெருப்பு வெச்சவன்னு கண்டுபிடிக்கிறதுதான் அந்த வேலை. ஓய்வு வாங்கியும் ஊரு விடல. ஷிசுவோகாவுல யாருக்குச் சிக்கல்னாலும் இந்த மூலைக்குத்தான் வருவாங்க.

பக்கத்துல டாக்ஸி ஓட்டுற இகேகாயா. வண்டியை வெளிய நிறுத்திட்டு, ஃபுசாயே அக்காவுக்கு எப்போ கேஸ் வரும்னு காத்துக்கிட்டு இருக்கிறவரு. வீட்டுல ஒட்டிக் கட்டுற குட்டி பிளாஸ்டிக் போர் டாங்கி, பிரிக்காத பெட்டியா அறுபத்துமூணு அடுக்கி வெச்சிருக்காரு. ஒண்ணைக்கூடக் கட்டினதில்ல. இந்த ஊருல அதுக்குப் பேரு பொழுதுபோக்கு.

சயோ பல் செட்டு செய்யற லேப்ல வேலை பார்க்கிறவ. பதினாலு மாசம் உக்காந்து ஒரு டைகர் டாங்கி கட்டியிருக்கா. உள்ளங்கை நீளம். அவ குடியிருக்கிற வீட்டுல ஸ்ப்ரே அடிக்க விடமாட்டாங்க. அதனால டாங்கி கட்டுறவங்க சங்கத்து அறைக்குக் கொண்டுபோய், சாம்பல் கலர்ல அடிப்பூச்சு மட்டும் அடிச்சு, காயட்டும்னு வெச்சிட்டு வந்திருக்கா. மறுநாள் டாங்கி இல்ல. மூணு வாரம் கழிச்சு அதே டாங்கி நிஜம் மாதிரியே போர்க்களச் சேறு, துரு எல்லாம் பூசிக்கிட்டு, சங்கத் தலைவர் ஒகிட்சு பேருல கண்காட்சி மேஜையில உக்காந்திருக்கு.

"என்னோடதுன்னு சொன்னேன் மேடம். அவர் காலிப் பெட்டியும் மிச்சப் பிரேமும் கொண்டு வந்து காட்டினாரு. என்கிட்டயும் அதே பெட்டி, அதே பிரேம் இருக்கு. சமம்னு ஆயிடுச்சு. சமம்னா தலைவர் பக்கம்தானே."

இகேகாயா குறுக்க பாய்ஞ்சு அக்காவுக்கு விளக்கம் சொன்னாரு. உறுப்பெல்லாம் பிளாஸ்டிக் பிரேம்ல காய் மாதிரி தொங்கிக்கிட்டு வரும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நம்பர் அடிச்சிருக்கும், வெட்டி எடுத்து ஒட்டினா மிச்சம் எலும்புக்கூடுதான்னு.

மூணு மணிக்குச் சங்கத்துல தலைவர் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தை வாசிச்சா 'பொறாமையில அபாண்டம் சொன்னேன்'னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி. வாசிக்கலைன்னா சங்கத்தை விட்டு வெளிய. நாளைக்குப் பெரிய கண்காட்சி ஆரம்பம், நாட்டுல இருக்கிற அத்தனை சங்கமும் வரும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள அவ பேரு எல்லார் வாயிலயும் நாறிடும்.

ஃபுசாயே குச்சியைக் கீழ வெச்சாங்க. "அந்த ஒகிட்சு ஆளு எப்படி?"

சயோ யோசிச்சு மரியாதையா ஏதோ சொல்ல வந்தா. இகேகாயாவுக்கு அவ்வளவு பொறுமை இல்ல. அடுத்தவன் டாங்கியில ஆணி எண்ணுறதுதான் அந்த ஆளு தொழில்னாரு. ஒரு பையன் அம்பது மணிநேரம் உழைச்சுக் கொண்டு வந்ததைப் பார்த்து, 'இந்த போல்ட்டு ஒண்ணு கூடுதல்'னு சொல்லிட்டு நகர்ந்துடுவாராம். பெயிண்ட் அடிக்கிறதுல கில்லாடி. ஆனா அவர் பசை மூடியைத் திறந்து யாரும் பார்த்து பல வருஷம் ஆச்சாம். பிளான் பேப்பரைப் பார்த்துக் கட்டுறது குழந்தைங்க வேலைன்னு மேடை போட்டுச் சொல்ற ஆளாம்.

"சரி, வண்டியை எடு"ன்னாங்க ஃபுசாயே.

சமூகக் கூடத்துல சங்கம் மொத்தமும் இருந்துச்சு. அம்பது தாண்டின ஆம்பளைங்க பதினஞ்சு பேரு. பாக்கெட் வெச்ச பழுப்பு கையில்லாக் கோட்டு போட்டுக்கிட்டு, படைத்தளபதி மாதிரி மேஜையைச் சுத்தி நிக்கிறாங்க. ஒருத்தனும் சண்டையைப் பார்த்தவன் இல்ல. மனைவி அதட்டினா டாங்கியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிற கூட்டம்.

ஒகிட்சு வெள்ளைக் கையுறை போட்டிருந்தாரு. ஃபுசாயேவைப் பார்த்து, அம்மா, இது நுணுக்கமான விஷயம், உங்களுக்குப் புரியாது, டீ சாப்பிடுங்கன்னாரு. ஃபுசாயே டீயை வாங்கிக்கிட்டாங்க. டாங்கின்னா முன்னாடி எது பின்னாடி எதுன்னுகூட எனக்குத் தெரியாது, அதனால முட்டாள்தனமா ரெண்டு கேள்வி கேட்டா கோவிச்சுக்கக் கூடாதுன்னாங்க. கூட்டம் சிரிச்சுச்சு.

பெட்டி எப்போ வாங்கினதுன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடின்னாரு. கடை? அது இப்போ மூடிட்டாங்களாம், பாவம். பெட்டியில இருக்கிறது தவிர வெளிய இருந்து ஏதாவது சேர்த்தாரான்னு கேட்டாங்க. ஒரு ஊசிகூட இல்ல, அத்தனையும் இந்தப் பிரேம்ல இருந்து என் கையால வெட்டினதுன்னு மார்ல தட்டிக்கிட்டாரு.

"நல்லது. ரெண்டு பேரோட பிரேமையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இகேகாயா, நம்பரைச் சத்தமா படி. தலைவரோடது முதல்ல."

இகேகாயா பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி ஆரம்பிச்சாரு. ஏ பிரேம் முடிஞ்சுது, பி பிரேம் முடிஞ்சுது, எல்லாரும் கொட்டாவி விட ஆரம்பிச்சாங்க. சி-யில பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, நாப்பத்தொண்ணு, பதிமூணு, பதினாலுன்னு போயிட்டாரு.

"நில்லு. திரும்பப் படி."

"பன்னெண்டு, நாப்பத்தொண்ணு, பதிமூணு. அட, இது என்ன அக்கா, கல்யாணப் பந்தியில சொந்தக்காரன் நடுவுல நுழைஞ்ச மாதிரி."

"இப்போ சயோவோடது."

சயோவோட சி-யில பன்னெண்டுக்கு அப்புறம் பதிமூணுதான். கடைசி நம்பர் நாப்பது. நாப்பத்தொண்ணுன்னு ஒண்ணு அதுல எங்கயுமே இல்ல.

ஃபுசாயே டீயை ஒரு வாய் குடிச்சாங்க. "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான். பைல்ல நம்பர் போட்டு முடிச்சப்புறம் ஒரு தாளை நடுவுல சொருகினா, அதுக்குக் கடைசி நம்பருக்கு அடுத்த நம்பர்தான் கிடைக்கும். இடம் நடுவுல, நம்பர் கடைசியில. அப்போ இந்த நாப்பத்தொண்ணு, அச்சு செஞ்சு முடிச்சப்புறம் யாரோ புதுசா வெட்டிச் சேர்த்தது. தலைவர் பெட்டி புது அச்சு. சயோ பெட்டி பழைய அச்சு."

ஒகிட்சு சிரிச்சாரு. வயசாச்சு, வாங்கின வருஷம் மறந்திருக்கும், புதுப் பெட்டின்னா புதுப் பெட்டி, அதுல என்ன குத்தம்னாரு. கூட்டமும் அதானேன்னு தலையாட்டுச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி மூடின கடைக்குப் பாவப்பட்டதும் இதே தலைங்கதான்.

"குத்தம் ஒண்ணும் இல்லைங்க. நாப்பத்தொண்ணு வெட்டியிருக்கு. அது என்ன உறுப்பு?"

அடுத்தவன் டாங்கியில அரை மில்லிமீட்டர் ஆணியை எண்ணின மனுசனுக்குத் தன் கையால வெட்டினது என்னன்னு தெரியல. சின்னக் கொக்கி, எங்கயோ போடுறதுன்னாரு.

இகேகாயா அதுக்குள்ள தலைவரோட பெட்டியைக் கவுத்துட்டாரு. பிளான் பேப்பர் மடிப்புக்கூடக் கலையாம இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு. சத்தமா படிச்சாரு. வயித்துப் பக்கம், பின்னாடி கயிறு கட்டி இழுக்கிற வளையம் உடம்போடயே வார்த்ததுல ஓட்டை இல்லாம இருந்துச்சு, அதனால அதை உடம்புல இருந்து எடுத்துட்டோம், இனிமே ஓட்டையுள்ள தனி வளையத்தை ஒட்டிக்கணும், நம்பர் நாப்பத்தொண்ணு.

"அப்போ டாங்கியைத் திருப்பிப் பார்த்தா போச்சு"ன்னு ஒருத்தர் கையை நீட்டினாரு. ஒகிட்சு பாய்ஞ்சு தடுத்தாரு. அடுத்தவர் மாடலைத் தொடக்கூடாது, அது இங்க எழுதாத சட்டம், யாரா இருந்தாலும் கையை எடுன்னாரு. பதினஞ்சு பேரும் பயபக்தியா ஒரு அடி பின்னாடி போனாங்க. திருட்டை விட இவங்களுக்குத் தொடுறதுதான் பெரிய பாவம்.

சயோ பைக்குள்ள கையை விட்டா. பல் டாக்டர்ங்க வாயிக்குள்ள விடுற குட்டிக் கண்ணாடியை எடுத்தா. டாங்கி சின்ன மரத்தாங்கி மேல நின்னுச்சு, வயித்துக்குக் கீழ ரெண்டு விரல் இடம். எதையும் தொடாம கண்ணாடியை உள்ள நீட்டினா. ஒவ்வொருத்தரா குனிஞ்சு பார்த்தாங்க.

வளையம் இருந்துச்சு. ஓட்டை இல்ல. மொச்சைக்கொட்டை மாதிரி கெட்டியா, உடம்போட பிறந்த வளையம்.

"எனக்கு அது பிடிக்கவே இல்ல. ஓட்டை தோண்டணும்னு நினைச்சேன், தள்ளிப் போயிடுச்சு"ன்னா சயோ, ஏதோ அவ தப்புப் பண்ணின மாதிரி.

ஒகிட்சு கடைசியா ஒரு முயற்சி பண்ணினாரு. நாப்பத்தொண்ணு கார்பெட்ல விழுந்து தொலைஞ்சு போச்சுன்னாரு. அங்க இருந்த யாரும் வாழ்க்கையில அந்த வசனத்தைச் சொல்லாதவங்க இல்ல, அதனால ரெண்டு பேர் நிஜமாவே நிம்மதியா மூச்சு விட்டாங்க.

"தொலையட்டும்"ன்னாங்க ஃபுசாயே. "தொலைஞ்சா அந்த இடம் மொட்டையா இருக்கணும். உங்க பெட்டியில வந்த உடம்புல வளையமே கிடையாது. இந்த உடம்புல இருக்கு. நீங்க ஒரு புதுப் பெட்டி வாங்கி, உறுப்பை எல்லாம் வெட்டிக் குப்பையில போட்டுட்டு, எலும்புக்கூட்டை மட்டும் சாட்சிக்குக் கொண்டு வந்தீங்க. அந்தச் சீட்டைப் படிச்சிருந்தா அந்த ஒண்ணை மட்டும் வெட்டாமலாவது விட்டிருப்பீங்க. எங்க ஆபீஸ்ல நெருப்பு வெச்சவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் மாட்டினாங்க. படிக்கிறதுல சோம்பேறித்தனம்."

ஒருத்தர் வெள்ளைக் கையுறையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒகிட்சு மெதுவா அதைக் கழட்டினாரு. மடிச்சுப் பாக்கெட்ல வெச்சாரு.

ஆனா மன்னிப்பு கேக்கல. நிமிர்ந்து நின்னு சயோகிட்ட சொன்னாரு. "ஒழுங்கா கட்டியிருந்தே, ஒத்துக்கிறேன். ஆனா நீ பெயிண்ட் அடிச்சிருந்தா நாசமாப் போயிருக்கும். என் கை பட்டதாலதான் நாளைக்கு ஊரே நின்னு பார்க்கப் போகுது. நியாயமா நீ எனக்கு நன்றி சொல்லணும்."

அதுல பாதி நிஜம். பெயிண்ட் அபாரம். அந்தத் துருவைத் தொட்டா விரல்ல ஒட்டும்போல இருந்துச்சு. உபதலைவர் இருமிட்டு, ரெண்டு பேரையும் போட்டுடலாமே, கட்டினது இவங்க, அடிச்சது அவர்னு கார்டு எழுதிடலாம், சங்க மானமும் காப்பாத்தின மாதிரி இருக்கும்னாரு. பதினஞ்சு தலையும் ஆடுச்சு. யாருக்கும் யாரையும் பகைச்சுக்க வேண்டாம். டாங்கி கட்டுற வீரனுங்க.

சயோ டாங்கியைக் கையில எடுத்தா. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் இகேகாயாவைக் கேட்டா.

"அண்ணே, பெட்ரோல் டேங்க்ல தண்ணி சேராம இருக்க ஊத்துவாங்களே, அந்த டப்பா உங்க வண்டியில இருக்கா?"

கூட்டத்துல ஒரு முனகல் எழுந்துச்சு. அது எதுக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அடிச்ச பெயிண்ட் பிடிக்கலைன்னா அதுலதான் ஊறப்போடுவாங்க. இகேகாயா ஓடிப்போய் நாலு டப்பா கொண்டு வந்தாரு. சயோ தன் மதியச் சாப்பாட்டுக் கண்ணாடி டப்பாவைக் கழுவி, அதுல ஊத்தி, டாங்கியை உள்ள இறக்கினா. மூடியைப் போட்டு, கண்காட்சி மேஜையில அதே இடத்துல வெச்சா. உபதலைவர்கிட்ட கார்டு வாங்கி அவளே எழுதினா. டைகர். கட்டியது சயோ மொச்சிசுகி. வேலை நடந்துக்கிட்டிருக்கு.

ஒகிட்சு நகரல. ஒரு மணி நேரத்துல அவரோட சேறு முதல்ல குமிழி விட்டுச்சு. அப்புறம் துரு தோல் உரிஞ்ச மாதிரி மிதக்க ஆரம்பிச்சுச்சு. அவர் நின்னு கடைசித் துணுக்கு உரியிற வரைக்கும் பார்த்தாரு.

"இப்போ அழகா இருக்கு"ன்னாங்க ஃபுசாயே. டாங்கின்னா முன்னாடி எது பின்னாடி எதுன்னு அவங்களுக்கு இன்னமும் தெரியாது.