கண்ணீர் அளவு உப்பு

வாயாடிக்குப் பத்து வயது. அவள் பேசாமல் இருப்பது தூங்கும்போது மட்டும்தான் என்று அப்பா சொல்வார். அன்று காலை மாட்டுக்கொட்டகையில் அவள் வாயே திறக்கவில்லை.

பிறந்து பன்னிரண்டே நாளான கன்றுக்குட்டி பொட்டு, வைக்கோலில் துவண்டு கிடந்தது. இரண்டு நாளாகக் கழிச்சல். கண்கள் குழி விழுந்திருந்தன. தாய்ப்பசு நக்கிக் கொடுத்தும் அது தலையைத் தூக்கவில்லை.

ஸ்கூட்டரில் வந்திறங்கிய மாட்டு டாக்டரம்மா, "தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"வயித்தால போகுதே, டாக்டரம்மா. தண்ணியும் குடுத்தா இன்னும் போகாதா?" என்றார் அப்பா.

"உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் போயிட்டே இருக்கு. நாமளும் குடுக்கலைன்னா அது என்ன பண்ணும், பாவம்?"

டாக்டரம்மா பொட்டுவின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டு, "எண்ணு பாப்பா" என்றார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

தோல் அப்போதுதான் மெல்லப் படிந்தது.

"நல்லா இருக்கிற கன்னுக்கு, ரெண்டு சொல்றதுக்குள்ள படிஞ்சிடும். உடம்பில தண்ணி வத்திப் போச்சு."

"பொழைச்சுக்குமா?" என்றாள் வாயாடி.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. மருந்துப் பாட்டிலை உயரத்தில் பிடிக்க வேண்டும். கொட்டகையில் ஆணியே இல்லை. வாயாடி வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். தாய்ப்பசு அவள் சடையின் நுனியை நிதானமாக மெல்லத் தொடங்கியது.

"ஏய், அது புல் இல்ல!"

கை வலித்தாலும் அவள் பாட்டிலை இறக்கவில்லை. இரண்டாவது பாட்டில் முடியும்போது பொட்டு காதை ஆட்டியது.

"இனி வாய் வழியாக் குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. "கொதிக்க வெச்சு ஆறின தண்ணி ரெண்டு லிட்டர். தலை தட்டி ஒரு கரண்டி உப்பு, பன்னெண்டு கரண்டி சர்க்கரை. உப்பு நம்ம கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. தானா குடிக்கட்டும், வாயைப் பிளந்து ஊத்திடாதீங்க. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

ஸ்கூட்டர் போனதும் அப்பா தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, வாளியில் கலக்கிக் கொண்டுவந்தார். பொட்டு ஒரு வாய் குடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினார்கள். மறுபடி திருப்பியது.

"இப்படியே விட்டா போயிடும்மா. வாயைப் பிடி, ஊத்திடலாம்" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா, டாக்டரம்மா கூடாதுன்னாங்க!"

வாயாடிக்கு அழுகை வந்துவிட்டது. கன்னத்தில் வழிந்த கண்ணீர் உதட்டைத் தொட்டது. லேசாகக் கரித்தது.

அவள் அழுகையை நிறுத்தினாள். வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் எட்டுக் கோணலாகப் போனது.

"தூ! அப்பா, எந்தக் கரண்டில போட்டீங்க?"

அப்பா மாடத்திலிருந்து எடுத்துக் காட்டினார். தீவன மூட்டையில் கிடக்கும் கரண்டி. வாயாடியின் உள்ளங்கை அளவு இருந்தது.

"மாட்டுக்குத்தானே? அதான் மாட்டுக் கரண்டி."

"சர்க்கரையும் இதுலயே பன்னெண்டா?"

"டப்பாவில மூணுதான் இருந்துச்சு" என்றார் அப்பா, அசடு வழிந்தபடி.

வாயாடி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் சர்க்கரை வாங்கினாள். சமையலறையிலிருந்து டீக்கரண்டி எடுத்தாள். மீதியிருந்த ஆறின தண்ணீரில் எண்ணி எண்ணிக் கலக்கினாள். அப்பா ருசி பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இப்ப சரி" என்றார்கள் இருவரும்.

பொட்டு முகர்ந்தது. ஒரு வாய் குடித்தது. அப்புறம் வாளிக்குள் முகத்தையே விட்டுக்கொண்டது. அப்பா சத்தமில்லாமல் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது பொட்டு, நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, தானாக எழுந்து நின்றது. அவர் அதன் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, "எண்ணு பாப்பா" என்றார்.

"ஒண்..." என்றாள் வாயாடி.

அதற்குள் தோல் படிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, பேச்சைப் பாதியில் நிறுத்தியது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.