இஞ்சி போட்ட சோறு

"மாமி வந்தா நான் தேத்தண்ணி கொண்டு போக மாட்டேன்! அகதி முகாம் சாமான் திண்டு வளந்தவள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிற மனிசிக்கு நான் ஏன் சீனி கலக்கணும்?"

விடிந்ததும் விடியாததுமாக ஸக்கியா போட்ட சத்தம் பக்கத்து வளவு வரைக்கும் கேட்டிருக்கும். சாரா உம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "மெதுவா, புள்ள... அவ உன்ட வாப்பாட கூடப்பிறந்தவ" என்றாள்.

"வாப்பா இருந்திருந்தா எனக்கு இந்த நிலம வந்திருக்குமா? நிவாரண அரிசிய எல்லாம் வித்துப்போட்டு, எனக்குக் கோதுமை மாவக் கிண்டித் தந்தது நீங்கதானே! சோறு தாங்க, சோறு தாங்க எண்டு நான் அழுதது எனக்கு இன்னும் மறக்கல்ல, உம்மா!"

சாரா உம்மா அடுப்பை இன்னும் பலமாக ஊதினாள். கண் எரிந்தது புகையினால்தான் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தொண்ணூறாம் ஆண்டுப் போரில், மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு துரத்தப்பட்டுக் கற்பிட்டி அகதி முகாமுக்கு வந்தவர்கள் அவர்கள். மறு வருடமே கணவர் தாஹிர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அகதி என்று அரசாங்கம் தந்த சாமானில்தான் தாயும் மகளும் உயிர் பிழைத்தார்கள். என்ன பெரிய சாமான்! களஞ்சியத்தில் மிஞ்சி, எலி ஓடி, சாக்கு வாடை ஏறிக் கிடந்த அரிசி. எந்த நாட்டிலோ தேவைக்கு மேல் விளைந்து, விலைபோகாமல் இங்கே கப்பலேறிய கோதுமை மா. மனிதரை அவரவர் ஊரில் வாழவிடத் தெரியாதவர்களுக்கு, மிச்சத்தை அள்ளிப் போட மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது!

நிவாரணம் கிடைக்கத் தொடங்கிய கையோடு, மீன்பிடிக்கப் போகக்கூடாது என்று நேவிக்காரர் கடலை மூடினார்கள். உள்ளூர்க்காரருக்கு மீனும் இல்லை, நிவாரணமும் இல்லை. கற்பிட்டியிலேயே கலியாணம் முடித்திருந்த தாஹிரின் அக்கா செய்தூனின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் கணவர் முத்தலிபு பெரிய ரோஷக்காரர். "அகதிச் சாமான் என்ட வாசலத் தாண்டாது" என்று தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னவர்.

ஒரு நாள் செய்தூன் சாரா உம்மாவின் முகாம் குடிசைக்குப் பின்பக்கமாக வந்து நின்று அழுதாள். அவளுடைய மூத்தவன் ஸலாஹுதீன் குர்ஆன் ஓதப் போன இடத்தில் பசியில் மயங்கி விழுந்துவிட்டானாம். அன்றிலிருந்து, கிடைத்த அரிசி முழுவதும் சாரா உம்மாவின் முந்தானைக்குள் மறைந்து அந்த வீட்டுக்குப் போனது. அகதிகளுக்கு மட்டும் வந்த அந்த மாவைக் கொடுத்தால் முத்தலிபு பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். உலையில் போட்ட பிறகு அரிசி யார் வீட்டு அரிசி என்று யார் கேட்கப் போகிறார்கள்? எவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று செய்தூன் குர்ஆனில் கை வைக்கச் சொன்னாள். சாரா உம்மாவும் வைத்தாள். பெற்ற மகள் "வித்துத் திண்ட உம்மா" என்று ஏசியபோதும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து, இப்போது நாட்டில் திரும்பவும் சண்டை மூண்டிருந்த நேரம். ஸலாஹுதீன் கட்டாரில் உழைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஸக்கியா என்று பேசி வைத்திருந்தது. ஆனால் புத்தளத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து அவனுக்குச் சம்பந்தம் வந்ததும், செய்தூனுக்கு மருமகளாக வரவிருந்தவளின் உடம்பிலும் வளர்ப்பிலும் குறை தெரியத் தொடங்கிவிட்டது.

பத்து மணிபோல் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். முத்தலிபு கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைச் சாரா உம்மாவே கொண்டுபோய் வைத்தாள். ஸக்கியா கதவோரம் விறைத்து நின்றாள்.

"சுத்தி வளைக்காமச் சொல்றேன், ஸக்கியாட உம்மா" என்று செய்தூன் தொடங்கினாள். "இந்தக் கத சரிவராது. நாங்க ஊர்ல மதிப்பா வாழ்ந்த ஆக்கள். முகாமில வளந்த புள்ளைக்கு உடம்பில என்ன சத்து இருக்கப் போகுது? நாளைக்கு ஒரு புள்ள பெத்தெடுக்க வேணாமா?"

"மதினி!" சாரா உம்மா மகளை மறைத்து நின்றாள். "என்ன ஏசுங்க... புள்ளைய ஒண்டும் சொல்லாதீங்க!"

"உள்ளதத்தானே சொல்றேன்! முகாமில குடுத்தது மனிசர் திங்கிற அரிசியா? ரெண்டு தரம் வடிச்சாலும் சாக்கு வாடை போகாது. இஞ்சித் துண்டும் வாசத்துக்கு றம்பை இலையும் போட்டு மூடி வெச்சாத்தான் வாயில வெக்க ஏலும். அப்பவும் ஆறினாக் கசக்கும். அதத் திண்டு வளந்த புள்ள..."

"மாமி."

ஸக்கியா முன்னால் வந்து நின்றாள்.

"நான் அந்த அரிசியத் திண்டதே இல்ல, மாமி. எங்கட வீட்டு உலையில அது வெந்ததே இல்ல. அது ஆறினாக் கசக்கும் எண்டு எனக்கே தெரியாது... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

செய்தூனின் முகம் வெளிறிவிட்டது. "ஊர்ல... ஊர்ல கதைக்கிறதுதானே..."

முத்தலிபு கோப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சி போட்ட சோறு" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "கடல மூடின மாசமெல்லாம் எனக்கு நீ இஞ்சி போட்ட சோறுதானேடி தந்தாய்! வயித்துக்கு நல்லம் எண்டாய். அரிசி எங்கால எண்டதுக்கு, கைக் காப்ப அடகு வெச்சு வாங்கினேன் எண்டாய்!"

"இல்லங்க... புள்ளையள் பசியில..."

"வாய மூடு!" அவர் எழுந்தார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க. உங்கட அரிசியா அது?"

"என்னட்டக் கேக்காதீங்க, நானா" என்றாள் சாரா உம்மா. "நான் குர்ஆன்ல கை வெச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவள் என்ன சொல்ல வேண்டும்? முத்தலிபு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். செய்தூன் ஓடிவந்து சாரா உம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மாப்பு, சாரா... மாப்புத் தா! உப்பளத்துச் சம்பந்தத்தில புத்தி கெட்டுப் போச்சு. ஸக்கியாவ நானே கூட்டிட்டுப் போறேன். அந்த அரிசிய மனசாரத் தந்ததெண்டு சொல்லி எனக்கு ஹலாலாக்கிடு!"

சாரா உம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். இத்தனை வருடம் குனிந்தே இருந்த தலை நிமிர்ந்தது.

"அரிசிய அண்டைக்கே ஹலாலாக்கிட்டேன், மதினி. பசிச்ச புள்ளையளுக்குக் குடுத்தத நான் திருப்பிக் கேக்கல்ல. என்ட புள்ள இத்தன வருஷம் என்னக் கள்ளியப் பாக்கிற மாதிரிப் பாத்தாளே... நீங்க பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருந்தீங்களே! அத எப்பிடி ஹலாலாக்கிறது? சொல்லுங்க!"

செய்தூன் தலையைக் குனிந்தாள்.

"கலியாணக் கதைய இப்ப எடுக்க வேணாம். ஸலாஹுதீன் வரட்டும். வேணுமெண்டா அவன் வந்து, என்ட மகளிட்ட அவன்ட வாயால கேக்கட்டும். அவள் சம்மதிச்சாப் பாப்பம். இப்ப நீங்க போங்க."

முத்தலிபு வாசல் படலையைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தார். செய்தூன் அழுதபடி பின்னால் போனாள்.

அவர்கள் தெருவில் மறையும்வரை காத்திருந்ததுபோல் ஸக்கியா தாயின் மடியில் வந்து விழுந்தாள்.

"உம்மா... என்ட உம்மா... காலையில கூட வித்தீங்க எண்டு சொன்னேனே! என்ட நாக்கு அழுகிப் போகாதா!"

"ச்சீ! என்ன கத இது? எழும்பு, புள்ள."

"ஊருக்குச் சொல்லாட்டிப் போகட்டும். எனக்கு மட்டும் காதோட சொல்லியிருக்கலாமே, உம்மா! நான் அழுது அழுது கேக்கக்குள்ள, சோறு இன்ன இடத்துக்குப் போகுது எண்டு ஒரு சொல்லு..."

சாரா உம்மா மகளின் முடியைக் கோதிவிட்டாள்.

"சொல்லியிருந்தா, நீ ஒரு கோப்பைய எடுத்துக்கொண்டு சோறு கேட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிண்டிருப்பாயே, மகள்..."

ஸக்கியா தாயை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். இம்முறை சாரா உம்மாவும் கண்ணைத் துடைக்கவில்லை.