யாரும் தொடக்கூடாத செடி

மூன்று மாதமாக மாப்பிள்ளை விசாரணை தவிர வேறு வழக்கே வரவில்லை. பெரம்பலூரில் மேகலாவின் துப்பறியும் ஆபீசில் உதவியாளன் ஜெயப்பிரகாஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த குஞ்சம்மாளின் வழக்கு அவனது யானைப் பசிக்குச் சோளப்பொரி. போயும் போயும் ஒரு தொட்டிச் செடி.

"பதினோரு வருஷமா அந்த வூட்டுல வேலை பாக்குறேம்மா. பாப்பா வச்ச செவப்பு இலைச் செடி சாவுது. நான் பினாயில ஊத்திட்டேன்னு சொல்லி அம்மா என்னைய நிறுத்திட்டாங்க. இந்தப் பேரோட வேற எந்த வூட்டுல சேத்துக்குவாங்க?"

"ஊத்துனீங்களா?" என்றார் ஓய்வுபெற்ற ஏட்டான மேகலா, நிதானமாக.

"தண்ணிதான் ஊத்துனேன். ஒளிஞ்சு ஊத்துனேன். அதை யாரும் தொடக்கூடாதுன்னு ஐயா உத்தரவு."

பாப்பா என்பது அந்த வீட்டின் ஒரே மகள் லாவண்யா. போன தை மாதம் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அதன்பின் அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

குஞ்சம்மாளோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அரியலூர் வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. லாவண்யாவின் அப்பா சிவசுப்பிரமணியன், துளசி மிதந்த செப்புச் சொம்புத் தண்ணீரை ஒரு மடக்குக் குடிப்பதும் கூடத்தில் நடப்பதுமாக இருந்தார். அவர் மனைவி ஹேமலதா அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள். வெளியே ஐப்பசி மழை.

மேகலா அந்தச் சிவப்பு இலை அக்லோனிமாச் செடியின் முன் குனிந்தார். கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகித் தொங்கின. தண்டின் அடி கொழகொழத்தது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஓரத்தில் வாடிய துளசி இலைகள் கிடந்தன. ஜெயப்பிரகாஷும் முகர்ந்து பார்த்தான். ஏதோ புளித்த வாடை. மேகலா அடுப்படியை ஒரு நோட்டம் விட்டு வந்து எல்லாரையும் கூப்பிட்டார்.

"பினாயில் ஊத்தியிருந்தா மொத்தமா கருகியிருக்கும். இது தண்ணி மிஞ்சி வேர் அழுகினது. குஞ்சம்மா ஊத்துனது போர் தண்ணி, அதான் உப்பு. அந்த ஒரு சொம்புல செடி சாகாது. புளிச்ச வாடை அரிசி களைஞ்ச தண்ணியோடது. அடுப்படி வாளியில மாட்டுக்குன்னு அதைச் சேத்து வைக்கிறது நீங்கதானேம்மா?"

ஹேமலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஊத்தித்தான் சாவுதோன்னு பயந்துட்டேன். இவ சொம்போட நின்னதைப் பாத்ததும் பழியத் தூக்கி இவ மேல போட்டுட்டேன்."

"அப்ப துளசி?" என்று ஜெயப்பிரகாஷ் அவசரப்பட்டான். கேட்ட பிறகுதான் அவன் கண் செப்புச் சொம்பின் மேல் போயிற்று. கேட்காமலிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"மிச்சத் தண்ணி. கீழ கொட்ட மனசு வரல," என்றார் சிவசுப்பிரமணியன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்; இங்கே மூன்று பூனைகள்.

"வெயில் காலத்துல மூணு சொம்பையும் செடி தாங்கிடுச்சு. மழையில தொட்டி காயவே இல்ல," என்றார் மேகலா. "தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னதால ஒருத்தர் ஊத்துறது மத்தவங்களுக்குத் தெரியாமப் போச்சு. நுனி நல்லாத்தான் இருக்கு. வெட்டி வேற மண்ணுல வச்சா பொழைச்சுக்கும்."

சிவசுப்பிரமணியன் அப்போதுதான் உட்கார்ந்தார். "குஞ்சம்மா, நாளைக்கு வழக்கம்போல வந்துடு." சொம்பைக் கீழே வைத்தார். "பாப்பா நம்பர் உங்கிட்ட இருக்கும்ல?"

குஞ்சம்மாள் ஹேமலதாவைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா பேசுறேன்," என்றார் அவர். அவர் பார்வை தொட்டியின் மேல் போயிற்று. "செடிக்கு எவ்வளவு தண்ணிம்மா ஊத்தணும்?"