வெயிலில் வாடாத பாத்தி

மரம் விழுந்த பிறகும் பிகோனியாப் பாத்தியில் நிழல் அப்படியே கிடந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். சுற்றிலும் தரை வெயிலில் கொதிக்க, பாத்தி மட்டும் ஈரமண் வாசத்தோடு சில்லென்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டுப்பட்ட அடிமரத்தில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது; அண்ணாந்து பார்த்தால் வெறும் ஆகாயம். நிழலிலேயே பூக்கிற செடி இது. ஒரு மதிய வெயில் பட்டாலே இலை கருகிவிடும். இங்கே ஒரு மொட்டுகூட உதிரவில்லை.

மரத்தை வெட்டியவன் பக்கத்து வீட்டில் இருக்கிற அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அப்பா இவளுக்கு எழுதிவைத்த வீடு அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கணவன் போன பிறகு, இந்தச் செடிகளை விற்றுத்தான் இவள் மகளைப் படிக்கவைக்கிறாள். செடி செத்தால் தானாக வீட்டைக் காலி செய்வாள் என்பது அவன் எண்ணம். இவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஆள்விட்டு வெட்டிவிட்டான், பாவி.

வேலியோரம் வந்து நின்றான். "என்னம்மா, செடியெல்லாம் வெயில்ல என்ன பாடுபடுதோ?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நல்லா தழைச்சிருக்குண்ணே, கண்ணாரப் பாரு."

பாத்தியைப் பார்த்தவன் மேலே பார்த்தான். மறுபடி பாத்தியைப் பார்த்தான். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. முதுகில் ஏதோ ஊர்வது போலவும் இருந்தது. என்னவாக இருந்தால் என்ன, எனக்கு நல்லதுதானே செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வீம்பு யாரை விட்டது? அன்றே செடிகளைத் தோண்டினாள். கிழங்குகளைத் துண்டுக்கு ஒரு முளை இருக்கும்படி அறுத்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி, ஆழமில்லாமல் மேலாகப் பதித்தாள். அவன் வயிறு எரியட்டும் என்று வேலியோரம், கேட்டோரம், முற்றம் முழுக்க நட்டாள். செடி பெருகினால் அதற்கு வேண்டிய நிழலும் பெருக வேண்டும். செடி வளர்ப்பவர்கள் யாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை அவள் அன்று நினைக்கவே இல்லை.

சில வாரங்களில் எல்லாம் இலைவிட்டுத் தழைத்தன; நிழலும் பெருகியது.

ஒரு நாள் பிற்பகல் வெயில் சாய்ந்து அடித்தது. துணி காயப்போடும் கம்பத்துக்கு நிழல் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் இல்லை. பாத்தியை உற்றுப் பார்த்தாள். நிழலுக்குள் கம்பம்போல் ஒன்று. தொட்டிபோல் ஒன்று.

பூனை வந்தது. வெயிலில் நடந்தது. அதன் காலடியில் நிழல் எதுவும் கூடவே நடக்கவில்லை. தூக்கினாள், கனமே இல்லை. கூப்பிட்டாள், திரும்பவில்லை. பால் வைத்தாள், முகரக்கூட இல்லை. அவள் பாத்தியின் பக்கம் திரும்பினாள்.

"சீ! என் மண்ணுல நின்னுக்கிட்டு என் வீட்டுலயே திருடுறியா? கூடப்பிறந்தவனுக்கே பயப்படாதவ நான். உனக்கா பயப்படுவேன்?"

மண்வெட்டியை எடுத்தாள்.  

முதல் வெட்டு. கிழங்கு பிளந்தது. குளிர்ந்த வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது.

கேட் கிறீச்சிட்டது.

மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். வெயில் அவள் முதுகில். முன்னால் தரையில் நிழல் இல்லை.

"கண்ணு, அங்கேயே நில்லு! உள்ள வராதே!"

நின்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஐயோ, என் பிள்ளை.

"என்னோடதை எடுத்துக்க," பாத்தியைப் பார்த்துக் கத்தினாள். "அவளோடதைக் குடுத்துடு. குடுக்கலேன்னா, ஒரு வேரைக்கூட விட்டுவைக்க மாட்டேன்!"

ஓங்கினாள்.

இலைகளுக்கடியில் இரட்டைச் சடையோடு ஒரு சின்ன நிழல் எழுந்து உட்கார்ந்தது. கேட்டருகில் மகள் அசையாமல் நின்றாள். நிழல் மட்டும், மண்வெட்டியைப் பார்த்து, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டது.