மூன்றாவது வலையும் அதையே சொன்னது

எவ்வளவு அழகான காரணம்! என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேனே என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குவிமாடக் குடியிருப்பில் அது வழக்கமான காலைதான். யார் எந்த வேலைக்குத் தகுதி என்பதை அங்கே இரண்டு செயற்கை நரம்பு வலைகள் தீர்மானித்தன. ஒன்று பரிசும் தண்டனையும் கொடுத்து வளர்க்கப்பட்டது. மற்றது மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே பழகியது. ஏன் அப்படித் தீர்மானித்தோம் என்று வலைகளுக்குச் சொல்லத் தெரியாது. அதற்குக் காரணஞ்சொல்லி என்றொரு இயந்திரம். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரியென்று பலகையில் உள்ளங்கையை வைப்பது குமுதாவின் வேலை. அவள் கை படாமல் எந்தத் தீர்ப்பும் செல்லாது.

இன்று குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் சலோமியின் முறை. இரண்டு வலைகளும் அவளுக்குத் தகுதியில்லை என்றுவிட்டன. குமுதா கை வைத்தால் சலோமி நாளையே பனிச்சுரங்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

காரணஞ்சொல்லி கனிவாகச் சொல்லியிருந்தது: "இறந்துபோன தங்கையை ஒவ்வொரு குழந்தையிலும் தேடுகிறார். ஆகவே தகுதியில்லை."

"நெசந்தான் போலங்க," என்றாள் சலோமி, கைக்குட்டையைக் கசக்கியபடி. "அவ செத்தப்ப எனக்கு மூணு வயசு. மொகங்கூட நெனவில்ல. ஆனா தேடிருக்கேன் பாருங்க!"

மேலதிகாரி தணிகாசலத்துக்கு ஏக திருப்தி. "வேற வேற விதமா வளர்ந்த ரெண்டு வலை. ஒரே பதில், ஒரே காரணம். சலோமியே ஒத்துக்கிட்டாங்க. கைய வைம்மா, டீ ஆறுது."

குமுதா மூன்றாவதாக ஒரு வலையை இணைத்தாள். எதையுமே கற்காத, இப்போதுதான் பிறந்த வலை. அதன் பதிலும் காசைச் சுண்டிப் பார்ப்பதும் ஒன்றுதான். அது சலோமிக்குத் தகுதி உண்டு என்றது.

காரணஞ்சொல்லி துளியும் தயங்கவில்லை. "இறந்துபோன தங்கையை ஒவ்வொரு குழந்தையிலும் தேடுகிறார். ஆகவே தகுதி உண்டு."

"பாத்தீங்களா சார்? இது வலைக்குள்ள எட்டியே பாக்கல. இவங்க பழைய விவரத்த வச்சுக் கத கட்டுது," என்றாள் குமுதா.

"அட நீ வேற! ஒண்ணுந் தெரியாத பச்சப்புள்ளகூட தங்கச்சியத்தான் சொல்லுதுன்னா, காரணம் எவ்வளவு உறுதின்னு பாரு!"

சலோமியும் தலையாட்டினாள்.

குமுதா பலகையை மெல்லத் தள்ளிவைத்தாள்.

"ஏன்?" என்ற தணிகாசலம் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சலோமி உன் சிநேகிதியா? இல்ல, வீட்ல சண்டையா? புரியுது, புரியுது. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவன் நான். பொம்பளைங்க வாயத் தொறக்கறதுக்குள்ள காரணத்தச் சொல்லிருவேன்."

காரணஞ்சொல்லியும் அவள் பக்கம் திரும்பியது. "பிள்ளை இல்லாத ஏக்கம். ஆகவே மறுக்கிறார்."

இருக்குமோ? ஒரு கணத்துக்கு முன்புவரை அந்த ஏக்கம் தனக்குள் எங்கே இருந்தது என்று குமுதா தேடிப்பார்த்தாள். தேடத் தேட அது இருப்பதுபோலவே பட்டது.

"அதானேம்மா?" தணிகாசலத்தின் குரலில் பரிவு வழிந்தது.

"தெரியல சார்," என்றாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். "ஆனா கை வைக்க மாட்டேன்."